கல் இருந்தால் அசலாகிவிடுமா?

"சக்கிமுக்கி லாக் இருக்கிறதே, அப்போது அசல்தானே?" பென்சில்வேனிய லாங் ரைஃபிளை, அதாவது பழைய அமெரிக்க நீள்குழல் துப்பாக்கியை, மதிப்பிடக் கொண்டுவருகிறவர்கள் இதையே கேட்கிறார்கள். லாக் என்பது துப்பாக்கியைச் சுடவைக்கும் பொறி; சக்கிமுக்கி லாக்கில் கல் எஃகில் உரசித் தீப்பொறி எழுப்பும். எத்தனை முறை சொல்வது, கல் எதற்கும் சாட்சி இல்லை!

1820களுக்குப் பிறகு, சுத்தியல் அடித்தால் வெடிக்கும் சிறு உலோக மூடியால் சுடும் கேப் முறை பரவியபோது, சொந்தக்காரர்களே காசு கொடுத்துத் துப்பாக்கியை மாற்றிக்கொண்டார்கள். குழலுக்குள் தீ நுழையும் தீத்துளையைப் பெரிதாக்கி, மரையிட்டு, நிப்பிள் (கேப் உட்காரும் முனை) தாங்கும் டிரம் என்ற சிறு உருளையைத் திருகினார்கள். வெடிமருந்துக் கிண்ணத்தையும், கல் உரசும் எஃகுத் தகடான ஃபிரிஸனையும் எடுத்துவிட்டு, கல் கவ்வும் தலைக்குப் பதில் சுத்தியல் பூட்டினார்கள். பிற்காலத்து வியாபாரிகள் நல்ல விலைக்காக அதையே தலைகீழாகச் செய்து, மறுபடி கல்லுக்கு மாற்றினார்கள். 1790களின் துப்பாக்கியில் 1960களில் பூட்டிய ஃபிரிஸன் இருக்கலாம். சொல்லி விற்றால் குற்றமில்லை, மறைப்பதுதான் மோசடி. கேப்புக்காகவே செய்ததைக்கூடக் கல்லுக்கு மாற்றி வைத்திருப்பார்கள்.

தொடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். குழலுக்குள் வெடிமருந்து கிடக்கலாம், கறுப்பு மருந்து நூற்றைம்பது வருஷம் கழித்தும் வெடிக்கும். மரக்குச்சியை அடிவரை இறக்கி, வாய் விளிம்பில் குறியிட்டு, வெளியே எடுத்து, குறி வாய் விளிம்பில் வரும்படி குழல்மேல் வைத்துப் பாருங்கள். நுனி தீத்துளைக்கு ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால், கையை எடுத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

காலி என்று உறுதியானால், கல் கவ்வும் தலையைப் பாதி பின்னிழுத்து அரைக்கொக்கியில் வைத்து லாக்கைக் கழற்றுங்கள். தீத்துளையைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிகிறதா? டிரம் இருந்த ஓட்டையை அடைத்த தடயம் அது. லாக் தகட்டில் அடைத்த திருகுத் துளைகள் உண்டா? கல்லால் பல ஆண்டு சுட்ட துப்பாக்கியில் துளையருகே குழல் அரித்திருக்கும், பக்கத்து மரமும் கருகியிருக்கும். அங்கே வழவழவென்றிருந்து, லாக் தகடு மட்டும் குழிக்குழியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

லாக்கில் 'கெட்லண்ட்' என்ற ஆங்கிலேய லாக் தயாரிப்பாளர் பெயர் இருந்தால் இங்கிலாந்துத் துப்பாக்கி என்று முடிவு கட்டாதீர்கள். பர்மிங்ஹாமிலிருந்து அமெரிக்காவுக்கு லாக்குகள் மூட்டைமூட்டையாக வந்தன. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் துப்பாக்கி செய்த ஜேக்கப் டிக்கர்ட் போன்றோர் பெயரைக் குழலின் மேல்முகத்தில் தேடுங்கள். அங்கும் எழுத்து துருவின்மேல் வெட்டப்பட்டிருந்தால், நேற்றைய கையெழுத்து.

அடுத்து, தோளில் பொருத்தும் அடிக்கட்டையைத் தடவுங்கள். மேப்பிள் மரம் குறுக்கே சுருங்கும், பித்தளை சுருங்காது. அதனால் கட்டையின் முனையிலுள்ள பித்தளை அடித்தகட்டின் ஓரம் மரத்தைவிடச் சற்றே துருத்தி நிற்க வேண்டும். கட்டையின் இயற்கை வரிகள் வெளிச்சத்தில் திருப்பும்போது இடம் மாறுவது போலத் தெரியும், சாயத்தால் தீட்டிய கோடு அப்படியே நிற்கும். அதற்காகவும் போலி என்று குதிக்காதீர்கள், அந்தக் காலத்துத் துப்பாக்கி செய்பவர் ஹென்றி லீமனின் பட்டறையே சாய வரி தீட்டி விற்றிருக்கிறது.

பித்தளையைப் பளபளக்கத் தேய்த்துக் கொண்டுவருகிறவர்களே, காலத்தால் படிந்த அந்தப் பழுப்பைத்தான் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது.