வெயில் 21ஆம் தேதியோடு முடியாது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்குக்கு ஒரே வாரத்தில் மூன்றாவது ஆளைத் தூக்கி வந்தார்கள். செம்பனைக் குலை வெட்டுபவர், ஐம்பது வயதிருக்கும். மனைவியைப் பார்த்து "நீ யாரு?" என்கிறார். உடம்புச் சூடு 40.6 டிகிரி. நர்ஸ் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது வியர்வை கொட்டியது. வியர்க்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக் (உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்கு) இருக்காது என்று நினைக்காதீர்கள். வேலை செய்துகொண்டே விழுகிறவருக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும்.

"ஈக்குவினாக்ஸ் 21ஆம் தேதியோட முடிஞ்சிருச்சுன்னு வாட்சப்ல வந்துச்சே டாக்டர்" என்றார் அந்த அம்மா. அன்று ஏப்ரல் 4. ஈக்குவினாக்ஸ் என்பது சூரியன் பூமத்தியரேகைக்கு நேர் மேலே வரும் நாள், மார்ச் 21 வாக்கில். வெயிலுக்கே அதுதான் காரணம், அது தாண்டினால் சூடு போய்விடும் என்கிறது அந்த வாட்சப் செய்தி.

இந்தச் செய்தியைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. சூரியன் உச்சிக்கு வருவது வருடா வருடம் நடப்பதுதான். பேராக்கில் அது மார்ச் 21கூட இல்லை, ஏப்ரல் முதல் வாரம். செப்டம்பரிலும் ஒரு முறை உச்சிக்கு வருகிறது. அப்போது ஏன் இத்தனை பேர் சுருண்டு விழுவதில்லை? வித்தியாசம் காற்றில் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று ஓயும் சமயத்தில் மேலேயிருந்து காற்று கீழே அமுங்கினால் மேகம் திரளாது, சாயங்கால இடிமழையும் வராது. எல்நினோ, அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, வந்தால் இன்னும் மோசம். நம் பக்கம் எழும்ப வேண்டிய காற்று பசிபிக் நடுவே போய் எழும்பும், இங்கே இறங்கும். இறங்குகிற காற்று அமுங்கிச் சூடேறும். எல்நினோ டிசம்பர் வாக்கில் உச்சத்தைத் தொட்டாலும் நமக்குச் சூடு ஏறுவது அடுத்த மார்ச், ஏப்ரலில். பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது 1998 ஏப்ரல் 9. பெர்லிசிலும் கெடாவிலும் பள்ளிகளை மூடியது 2016 ஏப்ரலில். ஆகவே நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே முதல் நிலை அறிவிப்பார்கள்.

தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அண்ணன்மாரே, அந்த நாள்களில் பெரட்டை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவதை, முன்னதாக வையுங்கள். டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் தானாக வேலையை நிறுத்த மாட்டார், நீங்கள்தான் நிறுத்த வேண்டும். பதினொரு மணிக்கு மேல் நிழலுக்கு அனுப்புங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மேல் தனியாக ஒரு கண் வையுங்கள்.

அப்புறம், ஒருவர் பேச்சுக் குழறி விழுந்தால் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, சட்டையைக் கழற்றித் தலையிலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். அந்தக் குலை வெட்டுபவரை என்னிடம் கொண்டுவர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை ஒரு வாளி தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. சுடுகிற உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று பயந்தார்களாம். கண்டுவிடாது. தயவுசெய்து ஊற்றுங்கள்.