ஆண் லவ் பேர்டின் நீல மூக்கு பழுப்பானால் அது சொறி இல்லை

ஆண் பறவையின் மூக்கு நிறம் மாறியதும் மாதக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். ஒரு கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த வாரமும் அப்படி ஒன்று வந்தது. அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் கிளி. அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோலின் நிறம் ஹார்மோனைப் பொறுத்தது. வளர்ந்த ஆணுக்கு நீலம். பெட்டைக்கு வெளிறிய வெள்ளை அல்லது மணல் நிறம். முட்டைப் பருவத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது பழுப்பாகித் தடித்துச் சொரசொரப்பாகும். பிறகு அந்த அடுக்கு தானே உதிரும். லுட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை) போன்ற சில நிற வகை ஆண்களுக்கு ஆயுள் முழுக்க இளஞ்சிவப்பு அல்லது ஊதா. வீட்டுச் சிட்டுக்குருவியிலும் ஹார்மோனின் வேலை தெரியும்: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும் பருவத்தில் ஆணின் அலகு கறுக்கும், பருவம் முடிந்தால் வெளிறும்.

நீல மூக்கோடு வளர்ந்த ஆண் பழுப்பானால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "வயசாயிடுச்சு." வயதானால் நீலம் பழுப்பாகாது. "கடைக்காரர் பெட்டையைக் கொடுத்துட்டார்." வருடக்கணக்கில் அடர்நீலமாக இருந்தது ஆண்தான். "சொறி." சொறிப்பூச்சி என்றால் அலகோரம், கண், கால்களில் தேன்கூடு போலத் துளைத்துளையாகப் பொருக்கு கட்டும். வெறும் நிறமாற்றம் சொறி ஆகாது.

தயவுசெய்து நீங்களாக, சொறிப்பூச்சிக்கான ஐவர்மெக்டின் மருந்தைக் கொடுக்காதீர்கள். 35 கிராம் பறவைக்கு நாங்கள் கணக்கிடும் அளவு சுமார் 7 மைக்ரோகிராம். 1 சதவீத ஊசி மருந்தின் ஒரு சொட்டிலேயே ஏறக்குறைய 500 மைக்ரோகிராம் இருக்கிறது. எழுபது மடங்கு!

ஆணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் பெருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் விரைக் கட்டி. பறவைக்கு விரைகள் வயிற்றுக்குள், சிறுநீரகத்தை ஒட்டி இருக்கின்றன. கட்டி பெருத்தால் அங்கே காலுக்குப் போகும் நரம்பை நசுக்கும். ஒரு கால் மட்டும் பிடி தளர்வது அதனால்தான். அதைச் சுளுக்கு என்று நினைத்துக் கட்டுப் போடுவது வீண். காற்றுப்பையையும் அழுத்தும்போது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும்.

நிறம் மாறத் தொடங்கியதுமே வாருங்கள். எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ பெரும்பாலும் தெரிந்துவிடும். இவ்வளவு சிறிய உடம்பில் அறுவை சிகிச்சை மிக ஆபத்தானது. தோலுக்கடியில் வைக்கும், ஹார்மோன் சுரப்பை அடக்கும் டெஸ்லோரலின் மாத்திரை சில பறவைகளுக்குக் கட்டியின் வேகத்தைக் குறைக்கும். கால் செயலிழந்த பிறகு அதற்கும் பலன் குறைவு. வாரம் ஒருமுறை 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் எடை பாருங்கள். தீனி குறையாமலே எடை இறங்கினால் தள்ளிப்போடாதீர்கள்.

பெட்டைக்கு மாதக்கணக்கில் பழுப்பு மாறவே இல்லையா? முட்டைப் பானையை எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தை 10 மணி நேரத்துக்குக் குறையுங்கள். இரவு 11 மணி வரை டிவி ஓடும் ஹாலில் கூண்டு வேண்டாம். கணவாய் ஓடு எப்போதும் இருக்கட்டும். தடித்த பொருக்கை நகத்தால் பிய்க்கவே கூடாது, ரத்தம் வரும். மூக்குத் துளை அடைபட்டிருந்தால் நாங்கள் ஊறவைத்து எடுக்கிறோம்.

வரும்போது கூண்டுத் தட்டின் காகிதத்தை எச்சத்தோடு அப்படியே கொண்டு வாருங்கள். போனில் பழைய படம் இருந்தால் எடுத்து வையுங்கள். மூக்கு முன்பு என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்போம்.