பெரிவென்ட்ரிகுலர் லுக்கோமலேசியா: மென்மையா, நைவா?

குறைமாதக் குழந்தைகளின் தலை ஸ்கேன் அறிக்கையில் ‘பி.வி.எல்.’ என்று சுருக்கி எழுதப்படும் இத்தொடரில், ‘பெரி’ என்பது கிரேக்கத்தில் ‘சுற்றிலும்’ என்று பொருள்படும். ‘வென்ட்ரிக்கிள்’ இலத்தீனில் சிறு வயிறு. இங்கே மூளையின் உள்ளே நீர் நிறைந்திருக்கும் அறையைக் குறிக்கிறது. ‘லுக்கோஸ்’ வெண்மை, லுகேமியாவில் இருப்பதும் இதுவே. ‘மலாக்கியா’ மென்மை.

இந்தக் கடைசித் துண்டில்தான் தமிழாக்கம் தடுக்குகிறது. ‘மூளை மென்மையாகியிருக்கிறது’ என்று கேட்கும் தாய், பச்சைக் குழந்தைக்கு அப்படித்தானே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். பழந்துணி நைவதை நாம் அறிவோம். இழைகள் கட்டுவிட்டு அழிவதே நைவு. ரத்த ஓட்டம் குறைந்து, நரம்பிழைகள் செல்லும் பகுதியான மூளையின் வெண்பொருள் சிதைவதற்கு அச்சொல்லே பொருந்துவதால், ‘மூளையறை சூழ் வெண்பொருள் நைவு’ என்று எழுதுவதே சரியெனக் கருதுகிறேன்.

1962இல் பேங்கர், லரோஷ் ஆகிய இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரையால் நிலைபெற்ற இப்பெயர், இறந்த குழந்தைகளின் உடற்கூறாய்வில் கண்டதற்கு இடப்பட்டது. 1970களின் இறுதியில் உச்சிக்குழி வழியே அல்ட்ராசவுண்ட் பார்க்கும் வழக்கம் வந்த பிறகு, நடந்து முடிந்ததைச் சொன்ன சொல், உயிரோடிருக்கும் குழந்தைக்கு இனி நடக்கக்கூடியதைச் சொல்லத் தொடங்கியது.

எலும்பு மூடாத உச்சிக்குழியில் ஜெல் தடவிச் சிறு கருவியை வைத்துப் பார்க்கையில், நைவுற்ற இடம் முதலில் அறைகளின் ஓரத்தில் வெண்ணிறமாகத் தெரியும். அவ்வெண்மை சில நாட்களில் மறைந்தும் போகலாம், இரண்டு முதல் நான்கு வாரங்களில் கருநிற நீர்க்கட்டிகளாக மாறவும் கூடும். ஆகையால் முதல் வாரத்து ஸ்கேன் நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்தாமல், கருவுற்ற காலக் கணக்கில் 40 வாரம் நிறையும் தறுவாயிலும் பார்ப்பார்கள். கால்களுக்கான நரம்பிழைகள் அறைகளை ஒட்டியே இறங்குவதால், இருபுறமும் பரவலாகக் கட்டிகள் தோன்றிய குழந்தைக்குக் கால் தசைகள் இறுகும் மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம். பேச்சையும் படிப்பையும் கவனத்தையும் இப்படம் அந்த உறுதியோடு முன்கூட்டிச் சொல்வதில்லை. நுண்ணிய நைவு அல்ட்ராசவுண்டில் தட்டுப்படாமலே போவதும் உண்டு என்பதால், தமிழில் அறிக்கை எழுதுவோர் ‘நைவு இல்லை’ என்னாமல் ‘நைவு தென்படவில்லை’ என்று எழுதுவதே பொருத்தம்.