திரும்பி வராத வெளிச்சம்

“போர்க்கப்பல் நடுக்கடலில் நிற்கிறது. இணைய இணைப்பே இல்லையென்றால் அதை எப்படி ஹேக் செய்ய முடியும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கப்பலை முடக்க ஹேக்கரே தேவையில்லை. 1997 செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் ஒரு மாலுமி கணினியில் ஓரிடத்தில் பூஜ்யத்தை உள்ளிட்டார். மென்பொருள் அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் போய்த் திணறியது. கோளாறு நெட்வொர்க் முழுக்கப் பரவி இன்ஜின் கட்டுப்பாடு படுத்துவிட்டது. ஏவுகணைகள் சகிதம் கப்பல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் சும்மா மிதந்தது.

அதனால் இன்ஜின், ஆயுதம், அலுவலகம் என்று நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பார்கள். ஆனால் முழுக்கப் பிரித்துவிடவும் முடியாது. இன்ஜினின் வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம், அதிர்வு எல்லாம் பராமரிப்புக் கணினிக்குப் போயாக வேண்டும். நடுவே போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் வைக்கலாம்தான். ஆனால் அதுவும் மென்பொருள். அதிலும் ஓட்டை விழும்.

இந்த இடத்துக்கென்றே, தரவை ஒரே திசையில் மட்டும் போகவிடும் ஒரு கருவி இருக்கிறது: டேட்டா டயோடு. எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

தரவை ஒளியாக அனுப்பும் வழக்கமான ஃபைபர் இணைப்பில் போக ஓர் இழை, வர ஓர் இழை. டயோடில் வரும் இழையே கிடையாது. இன்ஜின் பக்கம் லேசர் மட்டும், பராமரிப்புக் கணினியின் பக்கம் ஒளியை உணரும் சில்லு மட்டும். எப்பேர்ப்பட்ட ஹேக்கராக இருந்தாலும் உணரும் சில்லை ஒளிவீச வைக்க முடியாது. இங்கே காவல் காப்பது இயற்பியல்.

சிக்கல் இனிமேல்தான். கணினிகளின் பேச்சு நம் தொலைபேசிப் பேச்சு மாதிரி. “ஹலோ” என்றால் எதிர்முனையிலிருந்து “ஹலோ” வர வேண்டும். வராவிட்டால் மேலே பேசாது. எனவே டயோடுக்கு முன்னால் ஒரு சின்னக் கணினியை உட்கார வைக்கிறார்கள். தரவு மறுபக்கம் போய்ச் சேர்ந்ததா என்று அதற்கும் தெரியாது. ஆனாலும் “சரி, வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு” என்று கூசாமல் பொய் சொல்லும்! சில நெட்வொர்க் கார்டுகள் தங்கள் மேல் வெளிச்சம் படாவிட்டால் அனுப்பவே மறுக்கும். அவற்றை ஏமாற்ற, சும்மா ஒளி காட்டவே ஒரு லேசரை அனுப்பும் பக்கத்திலேயே வைப்பதும் உண்டு.

வழியில் ஏதாவது தொலைந்தால்? “மறுபடி அனுப்பு” என்று கேட்க வழியில்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பிவிடுவார்கள். 7, 4, 9 என்ற மூன்று எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 20-ஐயும் சேர்த்து அனுப்புகிறோம் என்று வையுங்கள். 4 காணாமல் போனாலும் 20-இல் 7-ஐயும் 9-ஐயும் கழித்து மறுபக்கமே கண்டுபிடித்துக்கொள்ளும். நிஜத்தில் கணக்கு இதைவிடச் சிக்கலானது, தந்திரம் இதேதான்.

ஏவுகணைக்கு நிதி ஒதுக்கினால் படத்தோடு செய்தி வரும். இப்படி ஒரு டப்பாவுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் கோப்பு நகராது என்பது என் நெடுநாள் புலம்பல். “இணையத்தோடு இணைக்கவில்லை, பயமில்லை” என்ற பேச்சும் தாயத்து கட்டிக்கொண்ட தைரியம்தான். 2010-இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு மென்பொருள், ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் எந்திரங்களைக் குறிவைத்தது. பென்டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது அது. கப்பல் மென்பொருளுக்கும் அவ்வப்போது புதுப்பிப்பு உள்ளே வந்தாக வேண்டுமே! டயோடு வெளியே பார்த்திருப்பதால் அந்த வழியில் வராது. யாரோ ஒருவர் சட்டைப் பையில்தான் வரும்.