டிராப்பர்: கிளைநரம்பும் கிளை ஈயும்

இறகையும் நூலையும் முள்ளின்மேல் சுற்றிச் செய்த செயற்கை ஈயைக் கொண்டு டிரவுட் போன்ற மீன்களைப் பிடிக்கும் ஈத்தூண்டில் முறையில், தடித்த எறிநூலுக்கும் ஈக்கும் இடையே மெல்லிய, நிறமற்ற நரம்பு ஒன்று இருக்கும். அதன் பெயர் லீடர். லீடரின் நுனியில் ஓர் ஈ கட்டப்படும். நுனிக்குச் சற்று மேலே, நரம்பின் இடைவழியில் போட்ட முடிச்சிலிருந்து பக்கவாட்டில் பிரியும், ஒரு சாணுக்கும் குறைவான துண்டு நரம்பே ‘டிராப்பர்’ எனப்படுகிறது. அத்துண்டில் கட்டிய ஈயையும் அதே பெயரால் அழைப்பதால், ‘டிராப்பர் அறுந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் போனது நரம்பா, ஈயா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘டிராப்’ என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. துளி, விழுதல், கீழிறங்கித் தொங்குதல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. மருந்து சொட்டும் குழாய்க்கு நாம் வழங்கும் டிராப்பர் துளி என்ற பொருளிலிருந்து வந்தது. தூண்டில்காரரின் டிராப்பர் தொங்குதல் என்ற பொருளிலிருந்து வந்தது. இப்பொருளை விளங்கிக்கொள்ள, இதனோடு இணையாக வழங்கிய மற்றொரு பழைய சொல்லைப் பார்க்க வேண்டும். நுனி ஈக்கு அக்காலத்தில் ‘ஸ்ட்ரெச்சர்’ என்று பெயர். அதாவது நூலை முன்னே இழுத்து நீட்டி நிறுத்துவது. கோலை உயர்த்திப் பிடிக்கும்போது, நீண்டு நிற்கும் அந்த நூலிலிருந்து நீர்மட்டத்தை நோக்கிக் கீழே தொங்குவது டிராப்பர். ஸ்ட்ரெச்சர் வழக்கொழிந்துவிட, துணையை இழந்த டிராப்பர் மட்டும் தனித்து நிற்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஏரிகளில் படகிலிருந்து மூன்று ஈக்களை ஒருசேர எறியும் முறையில் இன்றும் இப்பொருள் கண்கூடு. அங்கே மேல் டிராப்பரை நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் துள்ளவைத்து இழுப்பார்கள். அந்த மேல் ஈக்கு ‘பாப்’ என்ற தனிப்பெயரும் உண்டு.

லீடர் நரம்பு அக்காலத்தில் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்யப்பட்டது. ஸ்பெயினின் மூர்சியா பகுதி அதற்குப் பேர்போனது. ஒவ்வோர் இழையும் முழ நீளத்துக்கும் குறைவு என்பதால், ஓர் ஆள் உயர லீடருக்கே பல முடிச்சுகள் தேவைப்பட்டன. முடிச்சு இருக்கும் இடத்தில் ஒரு முனையை வெட்டாமல் விட்டாலே டிராப்பர் கிடைத்துவிடும். 1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தபின், முடிச்சே இல்லாத நீண்ட நரம்புகள் வந்தன. டிராப்பர் வேண்டுவோர் அதற்கென்றே நரம்பை வெட்டி முடிய வேண்டியதாயிற்று.

இன்று பெரிதும் கையாளப்படுவது சர்ஜன் முடிச்சு அல்லது அதன் உறவான நீர் முடிச்சு. மேல் நரம்பின் கடைசிப் பகுதியும் கீழ் நரம்பின் தொடக்கமும் ஒரு சாணுக்கு மேல் ஒன்றோடொன்று படியுமாறு வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கி, மேல் நரம்பின் முனையையும் கீழ் நரம்பு முழுவதையும் அவ்வளையத்தினுள் மூன்று முறை நுழைத்து, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். அப்போது மேல்நோக்கி ஒன்றும் கீழ்நோக்கி ஒன்றுமாக இரண்டு முனைகள் மிஞ்சும். மேல்நோக்கியது லீடரைவிட்டு நன்றாக விலகி நிற்கும் என்பதற்காக அதில் ஈயைக் கட்டுவோரும் உண்டு. ஆனால் கீழ்நோக்கியதே பாதுகாப்பானது. அது மேல் நரம்பின் நேர்த்தொடர்ச்சி என்பதால், முடிச்சு நழுவினாலும் டிராப்பரில் மாட்டிய மீன் கோலோடு இணைந்தே இருக்கும். நீளம் 10 முதல் 15 செ.மீ. வரை போதும், அதற்கு மேல் போனால் எறியும்போதே லீடரைச் சுற்றிக்கொள்ளும். பன்னாட்டு ஈத்தூண்டில் போட்டிகளில் மூன்று ஈக்களுக்கு மேல் கட்டக்கூடாது, ஈக்களுக்கிடையே 50 செ.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது விதி.

அமெரிக்காவுக்குப் போனபோது இச்சொல் தலைகீழானது. மான்டானா போன்ற மேற்கு மாநிலங்களில் வெட்டுக்கிளி வடிவிலான பெரிய மிதக்கும் ஈயைக் கட்டி, அதன் முள்வளைவிலிருந்து இன்னொரு நரம்பை இறக்கி, அதன் நுனியில் மூழ்கும் சிற்றீ ஒன்றைக் கட்டுவார்கள். அங்கே டிராப்பர் என்பது அடியில் மூழ்கிக் கிடக்கும் அந்தச் சிற்றீ. பிரிட்டனில் மேலே இருப்பதற்கு உரிய பெயர் இங்கே கடைசியில் இருப்பதற்கு ஆகிவிட்டது. ஒரே ஈரடுக்கு அமைப்பைப் பற்றி இரு நாட்டாரும் பேசினால் ஆளுக்கொரு ஈயைச் சுட்டுவார்கள்.

ஆகவே தமிழில் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைப்பது, ஆங்கிலத்தின் குழப்பத்தை நாமாகவே வாங்கிக்கொள்வதாகும். ‘துளிப்பான்’ போன்ற நேர்பெயர்ப்பு மருந்துப்பெட்டிக்கே பொருந்தும். ஒரு தாய்க்கயிற்றிலிருந்து பல சிறு கயிறுகள் பிரிந்திறங்கும் கடல் தூண்டிலை நம் மீனவர்கள் ‘ஆயிரங்கால் தூண்டில்’ என்கிறார்கள். பிரிந்திறங்குவதைக் காலாகக் கண்ட அழகான பெயர் அது. ஒற்றைத் துண்டுக்குக் கால் என்றால் தெளிவு போதாது என்பதால், பிரிதலை நேராகவே சொல்லும் கிளை என்ற சொல்லை நான் தேர்வேன். தூண்டில் இழையை நரம்பு என்பது ஏற்கெனவே கடைவழக்கில் உள்ளது. ஆகவே துண்டு நரம்பு ‘கிளைநரம்பு’, அதில் கட்டியது ‘கிளை ஈ’, கடைசியில் இருப்பது ‘நுனி ஈ’. அமெரிக்கப் பொருளில் வருவது கிளைக்காமல் நேரே கீழிறங்குவதால் அதற்குத் ‘தொங்கல் ஈ’ என்பதே தகும். 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்த நீலகிரியில் இம்முறையைப் பழக விரும்புவோருக்கு, ‘கிளைநரம்பை ஆறு விரற்கடைக்குக் குறையாமல் விட்டு வெட்டு’ என்று சொன்னால் கை தானாகச் சரியான முனைக்குப் போகும்.