வன்னிக்கு வந்துபோகும் ஆலோசகர்களின் தனிமை

குளப் புனரமைப்பு, வீட்டுத்திட்டம், கணக்காய்வு எனப் பல பணிகளுக்காகக் கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்துபோகும் ஆலோசகர்கள் பலரை உளவளத்துணையாளராகச் சந்தித்து வருகிறேன். அவர்கள் முதலில் சொல்வது நித்திரையில்லை என்பதைத்தான். தனிமை என்ற சொல் மூன்றாம், நான்காம் சந்திப்பில்தான் வாயில் வரும்.

மாதத்தில் 14 இரவுகளும் அதற்கு மேலும் பணிக்காக வெளியூரில் தங்குவோரிடம், 1 முதல் 6 இரவுகள் மட்டும் தங்குவோரைவிடப் பதகளிப்பும் மனச்சோர்வும் நித்திரைக் குழப்பமும் கூடுதலாகக் காணப்பட்டதைக் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். வன்னியில் இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. 2009இல் உறவுகளை இழந்தவர்களின் முற்றங்களில் பகல் முழுவதும் விபரம் திரட்டிவிட்டு அறைக்குத் திரும்பும் ஒருவர், "இந்தச் சனம் பட்டதற்கு முன்னால் என்னுடைய தனிமையை எப்படிச் சொல்வது?" என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். படிவத்தில் இடமில்லாத கதைகளை அவர் கேட்டிருப்பார். இரவில் அவையும் கூடவே இருக்கும். பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு வரும் இந்தப் பாரத்தைப் பெயர் விபரம் தவிர்த்து இறக்கிவைக்க, அதே வேலை பார்க்கும் இருவர் மூவராவது கிழமைக்கு ஒருநாள் சேர்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பு இதற்கு ஈடாகாது, ஏனெனில் வீட்டாரைக் கலங்கவைக்க யாரும் விரும்புவதில்லை.

மாங்குளப் பக்கம் தங்கியிருந்த பொறியியலாளர் ஒருவர் சனசமூக நிலையத்துக் கரப்பந்தாட்டத்தைப் பின்னேரங்களில் ஓரமாக நின்று பார்ப்பார். ஒருநாள் "சேர், ஓராள் குறையுது, வாறியளோ?" என்று பெடியள் கூப்பிட்டார்கள். அதன்பின் அவர் வராத கிழமை அவரைத் தேடினார்கள். கிழமைதோறும் அதே நாளில், அதே இடத்தில், திரும்பத் திரும்ப முகம் காட்டியதால் கிடைத்த உறவு அது. மைதானத்துக்குப் போக வாய்ப்பில்லாத பெண் ஆலோசகர்களுக்கு, கடைப் பார்சலை விட்டு ஒரு வீட்டில் மாதக் கணக்கில் சாப்பாடு எடுப்பது உதவியிருக்கிறது. சோறு போடும் அக்கா முகவாட்டத்தை முதலில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் உங்கள் அறிக்கையால் வீடோ நிதியோ பெறவிருக்கும் குடும்பத்துடன் இத்தகைய நெருக்கம் கூடாது, அவர்களால் உங்களுக்கு மறுப்புச் சொல்ல முடியாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை உள்வீதிகளை மறித்துவிடுவதால், இந்தப் பழக்கங்களை ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள். அனுப்பும் நிறுவனங்கள் ஒருவரையே ஒரே பிரதேசத்துக்குத் தொடர்ந்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றினால் வேர் பிடிக்காது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டிருந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.