717 கிகாபிக்சல் ஓவியம் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல எப்படி ஓப்பன் ஆகுது?

ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற ரைக்ஸ்மியூசியம், ரெம்ப்ராண்ட் 1642ல வரைஞ்ச 'நைட் வாட்ச்' ஓவியத்தை 2022 ஜனவரில 717 கிகாபிக்சல் படமா, அதாவது 71,700 கோடி புள்ளி இருக்கற படமா நெட்ல விட்டாங்க. 100 மெகாபிக்சல் கேமராவுல துண்டு துண்டா 8,439 ஃபோட்டோ எடுத்து, கலர், ஷார்ப்னஸ் எல்லாம் ஏஐ வெச்சு செக் பண்ணி ஒட்டினது, ஃபைல் மட்டும் 5.6 டெராபைட். 100 எம்பிபிஎஸ் லைன்ல டவுன்லோட் போட்டா அஞ்சு நாளுக்கு மேல ஆகும், ஆனா சாதா ஸ்கூல் கம்ப்யூட்டர்லயே சட்டுனு ஓப்பன் ஆயிடுது.

ஏன்னா முழுப் படத்தை யாரும் அனுப்பறதே இல்ல. நீளம் அகலத்தை பாதியாக்கி ஒரு காப்பி, அதுல பாதி இன்னொண்ணுன்னு சர்வர்ல அடுக்கடுக்கா வெச்சு, ஒவ்வொரு அடுக்கையும் குட்டி சதுரமா வெட்டி வெச்சிருப்பாங்க. சதுரத்தோட ஒரு பக்கம் 256 பிக்சல்னா, 12 தடவை பாதியாக்கினாலே மொத்த ஓவியமும் ஒரே சதுரத்துல அடங்கிடும். நாம ஜூம் பண்றப்ப ஸ்கிரீன்ல தெரியற இடத்துக்கான நாப்பது அம்பது சதுரம் மட்டும்தான் வரும், கூகுள் மேப்ஸ் மாதிரியேதான். முதல்ல மங்கலா தெரியுதுல்ல, அது சின்ன காப்பி இருக்கற அடுக்கோட சதுரத்தை இழுத்துப் பெருசாக்கி காட்டறது. இத்தனை காப்பிக்கு இடம் ரெட்டிப்பாகுமேன்னு தோணும், ஆகாது, ஒவ்வொரு அடுக்கும் முந்தினதுல கால்வாசிதான், எல்லாம் கூட்டினாலும் மூணுல ஒரு பங்குதான் எக்ஸ்ட்ரா.

கேலரிக்காரங்க பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ் எடுக்க இது செம வசதி. அம்புக்குறிய அமுக்கி ஹால் ஹாலா சுத்தற விர்ச்சுவல் டூர் எல்லாம் என்னைக் கேட்டா வேஸ்ட், பசங்க கொட்டாவி விட ஆரம்பிச்சுடுவாங்க. ஒரே படத்தை எடுத்து நோண்டணும். லண்டன் நேஷனல் கேலரி 1995லேர்ந்து பிரைமரி ஸ்கூல்களுக்கு நடத்தற 'டேக் ஒன் பிக்சர்' இந்த ஐடியாதான், வருஷத்துக்கு ஒரே ஓவியம், அதைப் பாத்து பசங்களுக்கு என்ன தோணுதோ செய்யலாம். நைட் வாட்ச்லயே மஞ்சள் டிரஸ்ல ஒரு பொண்ணு நிப்பா, இடுப்புல செத்த கோழி தொங்கும். அது எதுக்குன்னு கேட்டுட்டு டீச்சர் சும்மா இருந்தா போதும், ஜூம் பண்ணி ஜூம் பண்ணி கோழி நகம் வரைக்கும் போயிடுவாங்க, அந்த நகம்தான் ஓவியத்துல இருக்கற ஊர்க் காவல் படையோட அடையாளம். இன்னும் உள்ள போனா ஒரு பிக்சல் 5 மைக்ரோமீட்டர், ரத்தச் சிவப்பணுவை விட சின்னது, பெயிண்ட் விரிசலே தெரியும்.

ஸ்கிரீன்ல தொலையறது சைஸ்தான். நிஜ ஓவியம் கிட்டத்தட்ட 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம், போன்ல பாக்கற பிள்ளைக்கு அது எப்படி புரியும்? கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தரையில சாக்பீஸால அந்த அளவுக்கு கட்டம் போட்டு பசங்களை உள்ள நிக்க வைங்க, மொத்த கிளாஸும் கொள்ளும்.